எல்லா வில்லனும் ஒரே பக்கத்து ஆட்கள்

1. காளவாசல் சுவர்

அன்று காலை காளவாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது எதிர்ச் சுவரில் எங்கள் கம்பெனியைத் திட்டி ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. மதுரையில் போஸ்டர் ஒன்றும் அதிசயமில்லை. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, யாரோ ஒருவரின் பிறந்தநாள் என்று சுவரே தெரியாத ஊர் இது. நான் எதையும் நின்று படிப்பதில்லை. எங்கள் ஆபீஸ் ஆர்ட்டிஸ்ட் முருகேசன் வரைந்த படம் அதில் இருந்ததால் நின்றேன்.

"கண்டிக்கிறோம்! வன்மையாகக் கண்டிக்கிறோம்! வீர வனத்தாரைத் தொடர்ந்து வில்லனாக்கிக் கேவலப்படுத்தும் கோட்டையாரின் கைக்கூலிகளைக் கண்டிக்கிறோம்! வேங்கையனுக்கு நீதி வேண்டும்!"

நடுவில் புலித்தோல் போர்த்திய வேங்கையன். சுற்றிலும் பதினோரு பேரின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். அதில் நான்கு பேர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே, "இவண்: வனத்தார் படை, மதுரை மாநகர் மற்றும் சுற்றுவட்டாரம்."

அந்தக் கைக்கூலிகளில் முதல் ஆள் நான்தான். என் பெயர் பத்மநாபன். வேங்கையனைக் கெட்டவனாக்கி எழுதியவன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வனத்தார் என்று ஒரு சமூகம் கிடையாது. வேங்கையன் என்று ஒரு மனிதர் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. எல்லாம் ஒரு ஆன்லைன் கேம். ஊருக்குள் பிராட்பேண்ட் வந்த புதிது. ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் முதலாளி ஜவஹர் சாருக்குத் திடீரென்று தமிழில் ஒரு மாயாஜால ஆட்டம் நடத்தும் ஆசை வந்தது. அதற்கு 'இரட்டைக்கொடி' என்று பெயர் வைத்தார். பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து நம்மூர் ஆட்கள் விளையாடினார்கள். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் சிலரும் விளையாடினார்கள்.

நான் அங்கே கதை எழுதுகிறவன். சொன்னால் பெரிதாகத் தெரியும். பில்லிங் சாஃப்ட்வேரில் 'டிஸ்கவுண்ட்' என்று இருந்ததைத் 'தள்ளுபடி' என்று மாற்றுவதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவன் நான். ஆபீஸிலேயே எழுத்துப்பிழை இல்லாமல் தமிழ் டைப் செய்யத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் ஒரு ராஜ்ஜியத்தையே என் தலையில் கட்டிவிட்டார்கள்.

2. வெள்ளிக்கிழமை பஜ்ஜிக் கமிட்டி

ஆட்டத்தில் சேருகிறவர் முதலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோட்டையார் என்றால் மதில், குதிரைகள், ராணி செம்மலர், தளபதி மாறவேல். வனத்தார் என்றால் காடு, வில், காவல் தலைவர் வேங்கையன். மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பக்கத்துப் பெரிய ஆள் கெட்டுப்போவார். ஆபீஸில் அவருக்கு 'மாத வில்லன்' என்று பெயர். இரண்டு பக்கத்துப் பிளேயர்களும் ஒன்றுசேர்ந்து அவரைக் கொல்ல வேண்டும். யாருடைய ஆள் கெட்டுப்போனாரோ அந்தப் பக்கத்தின் சந்தையை ஒரு வாரம் மூடிவிடுவோம். தலைநகரத்துக்குள்ளும் அவர்களை விடமாட்டோம். செத்த தலைவர் திரும்பி வரமாட்டார்.

மாத வில்லன் யார் என்பதை ஒரு கமிட்டி முடிவு செய்யும். நான், ஜவஹர் சார், டெஸ்டிங் பார்க்கும் செல்வி, புரோகிராமர்கள் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஜ்ஜி வந்ததும் கூட்டம் ஆரம்பிக்கும். பஜ்ஜி தீர்ந்ததும் முடிந்துவிடும்.

"இந்த மாசம் யாரப் போடலாம்?" என்பார் ஜவஹர் சார்.

"காட்டுல ஒருத்தரப் போடுவோம் சார். காடுன்னா இருட்டு, மந்திரம், எல்லாம் ரெடியா இருக்கு. கோட்டையில ஆள மாத்துனா மேப்ப மாத்தணும்" என்பார் ஒரு புரோகிராமர்.

"ராணியத் தொடாதீங்க சார், பாவம்" என்பாள் செல்வி.

மாறவேலைத் தொட நான் விடமாட்டேன். எனக்கு அவர் மேல் ஒரு பிரியம். ஓட்டெடுப்பு நடக்கும். ஐந்துக்கு ஐந்து. எல்லாம் ஜனநாயக முறைப்படி.

முருகேசன் கமிட்டியில் கிடையாது. வரைகிற ஆள்தானே என்று யாரும் கூப்பிடவில்லை. சோழவந்தான் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். அவன் அப்பாவும் தாத்தாவும் மற்றவர்களின் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் நான் அவன் சீட்டுக்குப் போய் முடிவைச் சொல்வேன்.

"முருகேசா, நல்லாக் கறுப்பா, பெரிய தாடியோட, கண்ணு செவசெவன்னு ஒரு ஆளு."

"மறுபடியும் காடாண்ணே?"

"ஆமாப்பா."

அவன் வரைவான். பிரமாதமாக வரைவான்.

வனத்தார் பக்கத்திலிருந்து புகார்கள் வரத்தான் செய்தன. அதற்கு ஒரு பதிலை எழுதி வைத்திருந்தேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி. வில்லன் தேர்வில் எவ்விதப் பாரபட்சமும் கடைப்பிடிக்கப்படுவதில்லை.' எல்லோருக்கும் அதே பதில். அனுப்பும்போது நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. ஓட்டெடுத்துத்தானே முடிவு செய்கிறோம்?

3. பாடி எங்க?

போஸ்டர் ஒட்டிய அன்று பத்தரை மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஜவஹர் சாருக்கு போன் வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் சௌராஷ்டிரத்தில் திட்டிக்கொண்டே வந்தார். எங்கள் இருவருக்கும் வீட்டுப் பேச்சு அதுதான். ஆட்டோக்காரருக்குப் புரியாது என்பதால் மிகவும் தாராளமாகத் திட்டினார்.

விசாரித்தது ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். நாற்பது வயதிருக்கும். சுவரிலிருந்து உரித்த போஸ்டர் மேஜை மேல் கிடந்தது. பசை இன்னும் காயவில்லை.

"வனத்தார்னா எந்த ஊர்க்காரங்க?"

"ஊரெல்லாம் இல்ல மேடம்" என்றார் ஜவஹர் சார்.

"வேங்கையன் எப்பச் செத்தாரு?"

"போன மாசம் மேடம்."

"கொன்னது யாரு?"

ஜவஹர் சார் போலீஸைப் பார்த்தால் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எல்லாரும் சேர்ந்துதான் மேடம். ஏற்பாடு மட்டும் நாங்க பண்ணுனோம்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பாடி எங்க?"

"சர்வர்ல."

அதற்கு மேல் விட்டால் இருவரும் உள்ளே போகவேண்டியதுதான் என்று நான் குறுக்கே புகுந்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டு, கற்பனை, அம்புலி மாமா மாதிரி என்று பத்து நிமிஷம் விளக்கினேன். ரைட்டர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நீங்க சிரிப்பீங்க. காலையில இருந்து எனக்கு மூணு போன். வனத்தார்னு எங்க ஆளுகளத்தான சொல்றாகன்னு ஒருத்தர் கேக்குறாரு. கோட்டையாருன்னா எங்களத்தானேன்னு இன்னொருத்தர். நாளைக்கு ஒருத்தன் இதக் கிழிப்பான், இன்னொருத்தன் கல்லெடுப்பான். இந்த ஊர்ல ரெண்டு பக்கத்துக்குப் பேர் வச்சு, ஒருத்தன் கெட்டவன்னு சுவர்ல ஒட்டுனா, அது யாரு என்னன்னு படிக்கிறவன் முடிவு பண்ணிக்குவான். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வனம், கோட்டை என்று பெயர் வைக்கும்போது ஓசை நன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அப்போது வனத்தார் படைத் தலைவரை அழைத்து வந்தார்கள். போஸ்டரை அச்சடித்த பிரஸ்காரரிடம் கேட்டு ஆளைப் பிடித்திருந்தார்கள். இளவட்டப் பையன் யாராவது வருவான் என்று நினைத்தேன். வந்தவருக்கும் நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயர் தவமணி. கீழக்குயில்குடிக்காரர். காளவாசலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கையெல்லாம் வார்னிஷ் கறை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"மேடம், ஆட்டம் ஆரம்பிச்சுப் பதினோரு மாசம். பதினோரு வில்லன். அதுல ஒம்போது பேரு எங்காளுக."

"மிச்சம் ரெண்டு?"

"யாளி, மேடம். கோட்டைக்காரன் ஒருத்தன்கூடக் கெட்டவன் கெடையாது. கோயில் தூண்ல இருக்க யாளி கெட்டுப்போகுது, கோட்டைக்காரன் கெட்டுப்போக மாட்டேங்குறான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் எழுதுறவரா? வேங்கையனுக்குப் பத்து மாசம் காவல் நின்னேன்யா. கடையச் சாத்திட்டு நேரா வந்து அவருக்காக நிப்பேன். ஒருநாள் வந்து பாக்குறேன், 'பேராசையால் மதியிழந்தான் வேங்கையன், அவனை அழியுங்கள்'னு போட்டிருக்கு. எம்புட்டுப் பேராசை? எதுக்குப் பேராசை? ஒண்ணுமில்ல. ஒத்த வரி. எங்கையால அவர வெட்டச் சொல்றீக."

"அதெல்லாம் முறையா ஓட்டெடுத்துத்தாங்க முடிவு பண்றோம். பாரபட்சமே கிடையாது" என்றேன். பதினோரு மாதமாக டைப் செய்த வாசகம், வாயிலிருந்து தானாக வந்தது.

"ஓட்டுப் போடுறது யாரு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நாங்க அஞ்சு பேர் மேடம்."

"நீங்களும் இத வெளையாடுவீங்களா?"

"டெஸ்டிங் பண்ணணும்ல மேடம். எல்லாரும் வெளையாடுவோம்."

"எந்தப் பக்கம்?"

நான் ஜவஹர் சாரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். டெஸ்ட் அக்கவுண்ட் திறக்கும்போது கம்ப்யூட்டர் தானாகவே கோட்டைப் பக்கத்தில்தான் சேர்க்கும். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மாற்ற ஒரு கிளிக் போதும், ஆனால் மாற்றத் தோன்றவில்லை. ஐந்து பேரும் பதினோரு மாதமாகக் கோட்டைக்குள்தான் குடியிருந்தோம்.

"கோட்டை, மேடம்."

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்."

"எங்க ஊர்ல திருவிழாக் கமிட்டியும் இப்படித்தான்" என்றார் அந்த அம்மா. "நீங்க போஸ்டர இன்னைக்கே கிழிச்சிருங்க தவமணி. நீங்க ரெண்டு பேரும் போய்க் கமிட்டிய மாத்துங்க. வேங்கையன் கேச முடிச்சிருவோம்." ரைட்டர் மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை அந்த அம்மாவும்.

4. மாறவேல்

அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டியில் ஏழு பேர். தவமணி கடையைச் சாத்திவிட்டு வந்தார். முருகேசனையும் உட்கார வைத்தோம். தவமணி ஒரு பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை. தொட்டால் கோட்டையாரின் சோற்றைத் தின்றதாகிவிடும் என்று நினைத்தார் போல.

"மாறவேல்" என்றார்.

"மாறவேலா? அவரு ரொம்ப நேர்மையானவருங்க" என்றேன்.

"வேங்கையன் மட்டும் நேர்மை இல்லாதவரா?"

முருகேசன் தவமணி பக்கம் கைதூக்கினான். புரோகிராமர்களில் ஒருவரும் தூக்கினார். ஸ்டேஷன் நினைவு வந்ததாலோ என்னவோ ஜவஹர் சாரும் தூக்கிவிட்டார். செல்வி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாறவேல் கெட்டுப்போவது என்று முடிவானது.

நான் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மாறவேல் சின்ன வயதில் தாயைப் போரில் இழந்தவர். ராணி அவரிடம் ஒரு பெரிய பொய்யைச் சொல்லியிருக்கிறாள். தோளில் ஆறாத காயம். நண்பனைக் காப்பாற்றப் போய் ஊரையே காட்டிக்கொடுக்க வேண்டிய நிலை. பிரிண்ட் எடுத்து முருகேசனிடம் கொடுத்தேன்.

அவன் நிதானமாகப் படித்தான். காகிதங்களை எண்ணினான்.

"அண்ணே, நாலு பக்கம் இருக்கு."

"ஆமாப்பா. நல்லா வந்துருக்குல்ல?"

"ரொம்ப நல்லா வந்துருக்குண்ணே. வேங்கையனுக்கு எம்புட்டு எழுதுனீக?"

நான் காகிதங்களைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"எங்காளு கெட்டுப்போக ஒத்த வரி போதும். உங்காளு கெட்டுப்போக நாலு பக்கம் வேணுமாண்ணே?"

முருகேசன் அந்த விளையாட்டை ஒருநாள்கூட விளையாடியதில்லை. 'எங்காளு' என்று ஏன் சொன்னான் என்று கேட்க வாயெடுத்தேன். அவனே சொன்னான்.

"எங்க ஊர்ல பம்புசெட்டு ஒயரு காணாமப் போனாக்கூட மொதல்ல எங்க தெருவுக்குத்தான் வருவாக. ஏன் எடுத்தான், எதுக்கு எடுத்தான்னு ஒரு கேள்வி கெடையாது. வந்தவுடனே தேட ஆரம்பிச்சிருவாக. நீங்க 'கறுப்பா ஒரு ஆளு வரைப்பா'ன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்."

"ஏம்ப்பா இவ்வளவு நாளா சொல்லல?"

"மறுபடியும் காடாண்ணேன்னு ஒவ்வொரு மாசமும் கேட்டேன்ல?"

கேட்டிருக்கிறான். ஒன்பது தடவை. நான் அதை வேலை பற்றிய சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு ஒன்பது தடவையும் 'ஆமாப்பா' என்று சொல்லியிருக்கிறேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிப்பது என் வழக்கம். அன்று கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன். போதவில்லை. இன்னொன்றும் குடித்துவிட்டு மேலே வந்தேன்.

"இந்த நாலு பக்கத்தையும் ஒரு வரியா வெட்டிரட்டுமா?" என்று கேட்டேன். எங்கள் தொழிலில் சுலபமான பரிகாரம் அதுதான்.

"வேணாம்ணே. நல்லாருக்கத எதுக்கு வெட்டுறீக? செத்துப்போன மத்த ஒம்போது பேருக்கும் எழுதுங்க."

ஜவஹர் சாரிடம் சொன்னபோது, செத்தவனுக்கு எதற்கு இனிமேல் கதை என்று சௌராஷ்டிரத்தில் கேட்டார். பில்லிங் வேலை கெடாமல் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்று தமிழில் சொன்னார்.

மாறவேல் வில்லனாகி வந்த அன்று நான் என் அக்கவுண்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரே நின்றார். கிளிக் செய்தால் என் வாள் அவர் மேல் விழும். காரணம் எனக்குத் தெரியும், எழுதியவனே நான்தான். அப்படியும் விரல் அழுத்தவில்லை. காரணமே தெரியாமல், பத்து மாதம் காவல் காத்த தலைவரை வெட்ட வேண்டியிருந்த தவமணியை அப்போது நினைத்துக்கொண்டேன். கடைசியில் யாரோ ஒரு துபாய்க்காரர் மாறவேலை முடித்துவைத்தார். செல்வி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆபீஸ் மெயிலுக்கு ஒரு புகாரும் அனுப்பியிருந்தாள். பக்கத்து சீட்டிலிருந்து.

5. காயில் கடை

ஒன்பது பேரின் கதையையும் எழுத ஒன்றரை மாதம் ஆனது. வேங்கையன் கதையைக் கடைசியில் எழுதினேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகத் தவமணியின் கடைக்குப் போனேன். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கையைத் துணியில் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தார்.

நான் எழுதியிருந்தது இதுதான். ஒவ்வொரு வில்லனுக்கும் தண்டனையாக வனத்தாரின் சந்தை மூடப்படுகிறது. எட்டு முறை மூடியாயிற்று. காட்டுக்குள் உப்பு இல்லை, தானியம் இல்லை. வேங்கையன் கோட்டைக்குப் போய்ப் பலமுறை கேட்டுப் பார்க்கிறார். கதவு திறக்கவில்லை. ஒருநாள் கோட்டையாரின் தானியக் கிடங்கை உடைத்து எடுத்துக்கொண்டு, போகும்போது அதற்குத் தீ வைக்கிறார். உள்ளே காவலர்கள் தூங்குகிறார்கள். கோட்டையார் அதைப் பேராசை என்று எழுதி வைத்தார்கள்.

தவமணி ஒரு இடத்தில் நின்று மறுபடியும் படித்தார்.

"உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சா தீ வச்சாரு?"

"தெரிஞ்சுதான்."

வெளியே பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பத் தப்புத்தான்" என்றார். "பசிக்கு எடுத்தது சரி. ஆள வச்சுக் கொளுத்துனது தப்பு. இத அன்னைக்கே சொல்லியிருந்தா நானே முன்னாடி நின்னு வெட்டியிருப்பேன்ல? ஏன்யா, ஒண்ணுமே சொல்லாம வெட்டச் சொன்னீக?"

கேட்டுவிட்டு, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கம்பி சுற்ற உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நடந்த கமிட்டிகளில் பஜ்ஜியும் சாப்பிட்டார். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக.

6. பத்மநாபன் செய்த தவறுகள்

இரட்டைக்கொடி அதன்பின் இரண்டு வருஷம்போல ஓடியது. ஆட்கள் வேறு வேறு விளையாட்டுகளுக்குப் போனார்கள். சர்வரை நிறுத்திவிட்டு ஜவஹர் சார் நிம்மதியாகப் பில்லிங்குக்குத் திரும்பினார். முருகேசன் வேறு ஊரில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் சேர்ந்தான். நான் கம்பெனிகளின் ஊழியர்களுக்குப் பயிற்சிப் பாடம் எழுதித் தருகிற ஒரு நிறுவனத்துக்குப் போனேன்.

அங்கே முதல் வாரம் பழைய பாடங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு சம்பவம் இருக்கும். விதிப்படி நடக்கும் ஊழியர் ஒருவர், தவறு செய்யும் ஊழியர் ஒருவர். நான்கைந்து பாடம் படித்ததும் எனக்குத் தவமணி நீட்டிய காகிதம் ஞாபகம் வந்துவிட்டது. விதிப்படி நடப்பவர் எல்லாப் பாடத்திலும் ஆனந்த் அல்லது வித்யா. பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுகிறவர், லாக்கர் சாவியைத் தொலைக்கிறவர், ஹெல்மெட் போடாமல் மெஷின் பக்கம் போகிறவர் எல்லாம் முனியாண்டி, கருப்பையா. ஒருவர் மட்டும் அப்துல்.

பாடம் எழுதும் குழுவிடம் கேட்டேன். "சும்மா வச்ச பேருதான் சார், ஒண்ணும் யோசிக்கல" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. நாங்களும் கோட்டையில் ஒன்றும் யோசிக்காமல்தான் குடியிருந்தோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கெட்டவன் யார் என்று முடிவு செய்ய உட்காரும்போது, உட்கார்ந்திருப்பவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று முதலில் பாருங்கள். எழுதி முடித்ததும், யார் கெட்டுப்போக எத்தனை பக்கம் செலவழித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்கு முருகேசன் மாதிரி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது. அவன் கேட்கும்போது காது கொடுத்தால் இன்னும் நல்லது.

அந்த நிறுவனத்தில் பெயர்களை மாற்றும் வேலையை என்னிடமே விட்டார்கள். நல்லவருக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம், அதனால் முனியாண்டி இப்போது பாடத்துக்குப் பாடம் பாராட்டு வாங்குகிறார். தவறு செய்பவருக்கு வைக்கத்தான் பெயர் கிடைக்கவில்லை. யார் பெயரை எடுத்தாலும் யாரோ ஒருவர் தெருவுக்குப் போய் நின்றது. கடைசியில் யாரையும் கேட்க வேண்டாத ஒரு பெயரை வைத்துவிட்டேன். இன்றைக்கும் எத்தனையோ ஊர் அலுவலகங்களில் புதிதாகச் சேருகிறவர்கள், பத்மநாபன் லாக்கர் சாவியைக் கழிப்பறையில் மறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போன கதையைப் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்கு அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.